பணிவான பிள்ளை

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எந்த ர எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். இதைக் கணினியில் அடிக்கப்போகும் லோகநாதன் பிழைகளைத் திருத்துவான். அவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தவன். இப்போது அங்கேயே வாத்தியார். லோகு, எழுத்துப் பிழையைத் திருத்து. கோபத்தைத் திருத்தாதே.

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரச் சொல்லி அவன் சில வருடங்களாகவே கேட்கிறான். "பனியப் பத்தி எழுது. ரயிலப் பத்தி எழுது. புள்ளைங்க ஆசையா வாசிக்கும்" என்பான். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். எழுதுவது அதைவிடக் கூச்சம். தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். போன மாதம் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் புத்தகப்பை கொடுக்கும் விழா. வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பைகள். மேடையில் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை, அவருடைய மனைவி, இன்னும் சில பெரிய மனிதர்கள். பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, தலையைக் குனிந்து, தொரையின் சப்பாத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பையை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து இறங்குகிறது. ஒரு பிள்ளைகூட, பை கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பெண் சப்பாத்தைக் கும்பிட்டுவிட்டு, பையை வாங்க மறந்து வெறுங்கையோடு இறங்கிப் போகிறாள். மேடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'எங்கள் மலையகப் பிள்ளைகளின் பணிவைப் பாருங்கள்.' அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக.

லோகு போனில் கூப்பிட்டான். "எப்புடிடா இருக்கு வீடியோ? நான்தான் புள்ளைங்கள பழக்கினேன். ஒரு கெழமையா ஒத்திகை."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்னடா, லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல. இருக்கேன்."

"அப்பப் பேசேன்டா. வெளிநாட்டுக்காரன் வாயத் தொறந்தா காசா கொறஞ்சிரும்?"

"எழுதி அனுப்புறேன்" என்றேன்.

எழுதியது இதுதான். பனியைப் பற்றி இதில் எதுவும் இல்லை.

2

நானும் என் மனைவி சாந்தியும் ஸ்விஸ்ஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். அவள் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலக்காரி. நான் பதுளையில் கடைப்பையனாக நின்றேன். பிறகு கொழும்பில் நின்றேன். சண்டைக் காலத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்ததும் முதலாளி, எங்கேயாவது போய் உயிரோடு இரு என்று பிளேன் ஏற்றி விட்டார். அந்தக் கதை வேறு. இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்ததும் சாந்தி அலுவலகங்களைத் துப்புரவு செய்யக் கிளம்புவாள். கதவருகில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்வோம். "சாப்புட்டான். தூங்கல. உடுப்பு காயுது." ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஆகவே மூத்தவன் நவீனை வளர்த்ததில் பாதி என் கை. எங்கள் தோட்டத்தில் ஆம்பிளைகள் கைக்குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போனால் பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவிடம் கிடக்கும். என் அப்பா என்னைத் தூக்கிய ஞாபகம் எனக்கு இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் தாதி என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, பிறந்த பிள்ளையை என் வெறும் நெஞ்சில் படுக்க வைத்தாள். வெட்கம் தாங்கவில்லை. பிள்ளை சூடாக, ஈரமாக இருந்தான். அந்த வாசம் போய்விடும் என்று நான் குளிக்காமல் திரிந்து சாந்தியிடம் திட்டு வாங்கினேன்.

மூத்த பிள்ளையிடம்தான் எல்லாவற்றையும் பழகிப் பார்க்கிறோம். குளிக்க வார்க்கும் தண்ணீரின் சூடு, எந்தக் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும், எந்த அழுகைக்கு எழும்பத் தேவையில்லை, எல்லாம் அவனிடம் கற்றதுதான். இளையவள் பிறந்தபோது நாங்கள் தேர்ந்துவிட்டோம். பிழைகள் எல்லாம் மூத்தவன் தலையில்.

கேட்டுப் பழக இங்கே எங்களுக்கு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததை வைத்து வளர்த்தேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெரியவர்கள் பேசினால் கையைக் கட்டு. கீழே பார். கேட்டால் மட்டும் பதில் சொல். தெரியாவிட்டால் வாயைத் திறக்காதே. முகத்தை நிமிர்ந்து பார்த்தால் அது முறைப்பு. முறைக்கிற பிள்ளை கெட்ட பிள்ளை.

கோயில் திருவிழாவுக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் ஓடித் திரியும். இவன் மட்டும் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். யாழ்ப்பாணத்து அம்மாமார் வந்து, "என்ன அடக்கமான பிள்ளை. எங்கட வீட்டிலயும் ரெண்டு கிடக்குதுகள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் தலை குனியக் குனிய என் நெஞ்சு நிமிர்ந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

3

இங்கே பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் டீச்சர் வகுப்பு வாசலில் நிற்பார். உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளையும் அவருக்குக் கை கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அவருடைய கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும்போதும் அப்படியே. அதுதான் இவர்களுக்கு மரியாதை. நவீன் கை கொடுப்பான். கண் டீச்சரின் சப்பாத்தில் இருக்கும்.

பாலர் வகுப்பில் கூச்சம் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு புது டீச்சர் வந்தார். சின்ன வயது, நல்ல மனம் உள்ளவர். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஒரு கெட்ட மனிதர் இருந்திருந்தால் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "புள்ள நல்லாப் படிக்கிறான்னு சொல்லப்போறாங்க" என்று சாந்தி நல்ல சாரியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அறையில் டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடங்களுக்கு வரும் மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் இருந்தார். எங்களுக்காக மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் எனக்குச் சமையலறைச் சொற்கள்தான் தெரியும். சாந்திக்குக் கொஞ்சம் கூட.

"நீங்கள் இலங்கையில எவடம்?" என்று மொழிபெயர்க்கும் அம்மா கேட்டார்.

"பதுளைப் பக்கம்ங்க. மடுல்சீமை."

"ஓ, மலைநாடு" என்றார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது போல எனக்குப் பட்டது. பட்டதுதான். உண்மையோ தெரியாது.

டீச்சர் பேசப் பேச அவர் எங்களுக்குச் சொன்னார். "உங்கட மகன் ஒருத்தற்றை முகத்தையும் பார்க்கிறேல்லையாம். டீச்சர் முழங்கால் குத்தி, அவற்றை உயரத்துக்குக் குனிஞ்சு கதைச்சாலும் கண்ணை மூடிக்கொள்ளுறாராம். தானாக ஒண்டும் கேக்கிறேல்லையாம். தெரியாட்டி, தெரியாது எண்டும் சொல்லுறேல்லையாம். சும்மா நிக்கிறாராம்."

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"இன்னுமொண்டு. நடைபாதையில டீச்சர் வந்தால், உங்கட மகன் ஓரமாப் போய்ச் சுவரோட ஒட்டி நிக்கிறாராம். அவ தாண்டிப் போகுமட்டும் அசையிறேல்லையாம். அது ஏன் எண்டு கேக்கினம்."

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கிருந்து பழகினான் என்று யோசித்தேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மாடிப்படியில் வந்தால் நான் என்ன செய்கிறேன்? ஓரமாக ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன், அவர் தாண்டிப் போகும் வரை. பிள்ளை என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பான்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஆலோசகர் அம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"உங்கட குடும்பத்தில வேற ஆரும் இப்பிடி இருக்கினமோ எண்டு கேக்கிறா."

"எல்லாருமே இப்புடித்தாங்க" என்றேன்.

"எல்லாரும் எண்டால்?"

"எங்கப்பா. தாத்தா. பெரியப்பா, மாமா. எங்க லயத்து வீடுகள்ல எல்லாருமே அப்புடித்தான்."

எனக்குத் தெரிந்த உண்மை அது. நான் ஆலோசகர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா வேகமாக ஓடியது. சாந்தி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"ஏங்க, அது சீக்கு இல்லங்க. தொரைமாருக்குப் பயந்து வந்த பழக்கம். அதச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்று மொழிபெயர்க்கும் அம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, அவ கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் காணும்" என்றார் அவர். சாந்தி சொன்னது ஜெர்மனுக்குப் போகவே இல்லை.

முடிவாகச் சொன்னது இது. பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். பரம்பரையாக வந்திருக்கலாம். அரை வருடம் பார்ப்பார்கள். மாற்றம் இல்லாவிட்டால், பக்கத்து நகரத்தில் இருக்கும் விசேட பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவார்கள். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லவில்லை. என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசக்காரியின் மகள் அங்கேதான் படிக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அது தேவை. நல்லாக இருக்கிறாள். என் பிள்ளைக்கும் தேவையென்றால் நானே தோளில் சுமந்துகொண்டு போய் விட்டிருப்பேன். ஆனால் என் பிள்ளை வீட்டில் பாடுகிறவன். தங்கச்சியோடு சண்டை பிடிக்கிறவன். அவனிடம் குறை ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தை நான் அவன் கழுத்தில் கட்டி அனுப்பியிருந்தேன். அதை நோய் என்று இவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் சாந்தி நேர அட்டவணையைப் பார்த்தாள். பிறகு, "பரம்பரைக்கே சீக்குன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. எங்கண்ணன மட்டும் ஏன் விட்டீங்க? அவரு பேரையும் சேத்திருக்கலாம்ல" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

4

அன்று பின்னேரம் சாந்தி வேலைக்குப் போனபிறகு எனக்கு வந்த ஞாபகம் இது.

நான் சின்னப் பையன். தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டும் காலம். அப்பா கத்தியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கத்தியோடு ஓடினேன். ஆம்பிளைகள் எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றார்கள். தொரை அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையுமாக நின்றார். பக்கத்தில் அவருடைய நாய். அவர் கையில் ஒரு பிஸ்கட். பாதியை நாய் கடிக்கக் கொடுத்துவிட்டு, மீதியை அவர் வாயில் போட்டுக்கொண்டார். நாயின் எச்சிலை மனிதர் சாப்பிடும் அதிசயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாயைப் பிளந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு மகன்டா இவன்? தொரைய மொறைக்கிறான் பாரு" என்றார் கங்காணி.

அப்பா வரிசையை விட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தார். அந்த அறையில் கத்தி கையிலிருந்து விழுந்தது. "கீழ பாருடா" என்றார். பிறகு கத்தியைப் பொறுக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்.

தொரை என்னைக் காணவே இல்லை. அவர் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆறாத கோபம் அதில்தான் இருக்கிறது. அந்த மனிதர் எங்களிடம் எதையும் கேட்கக்கூட இல்லை. அவர் கேட்காமலே அப்பா என்னை அடித்துக் கொடுத்தார். அதன்பிறகு அப்பாவின் முகத்தையும் நான் நேராகப் பார்க்கவில்லை. பார்த்தது ஒரே தரம், அவர் சவப்பெட்டிக்குள் கிடந்தபோது, போன் திரையில்.

இதை வாசிக்கும் தாய் தகப்பன்மாரே, வாத்தியார்மாரே, நாம் பணிவு என்று சொல்வது பணிவு இல்லை. பயத்துக்குச் சந்தனம் பூசி வைத்திருக்கிறோம். முகத்தைப் பார்க்காத ஆள் கேள்வி கேட்கமாட்டான். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லமாட்டான். நோயாளியைக் கொண்டுபோக மடுல்சீமை ரோட்டைச் செய்து தா என்று கேட்கமாட்டான். அதனால்தான் அவனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அதனால்தான் அவனுக்குக் கைகூப்பும் படம் போடுகிறார்கள். பையை வாங்க மறந்து போன அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். எது கும்பிடுவது, எது தனக்கு உரியது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கிழமையாக அதைத்தானே பழக்கியிருக்கிறீர்கள்.

5

பழக்கியதை எடுப்பது பழக்குவதைவிடக் கஷ்டம்.

சாந்திதான் ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். இளையவளுக்கு அது விளையாட்டு. கண்ணை உருட்டி உருட்டி எல்லோரையும் பார்த்தாள். நவீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அப்பா மூஞ்சியப் பாரு" என்றாள் சாந்தி.

"அப்பாதான் பாக்கக் கூடாதுன்னாரு."

"இப்பப் பாக்கச் சொல்றாரு."

"அவரு சொல்லலயே. நீங்கதானே சொல்றீங்க."

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வாயத் தொறங்க."

"பாருப்பா" என்றேன், ரசம் சட்டியைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளைக்குக் குழப்பம். "டீச்சரப் பாக்கணுமா? கோயில் ஐயரப் பாக்கணுமா? ஒங்க முதலாளி வந்தா? யார் யாரப் பாக்கணும், யார் யாரப் பாக்கக் கூடாதுன்னு சரியாச் சொல்லுங்க" என்றான். அவ்வளவு நீளமாக அவன் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம்.

"எல்லாரையும் பாரு" என்றாள் சாந்தி. "மொதல்ல ஒங்கப்பாவப் பாரு. நீங்களும் அவனப் பாருங்க."

பார்த்தேன். அவனுடைய இடது புருவத்துக்குள் ஒரு சின்ன வடு இருந்தது. எப்போது வந்தது என்று கேட்டேன். "போன வருஷம் ஊஞ்சல்ல விழுந்தேன்ப்பா. நீங்கதான் மருந்து போட்டீங்க" என்றான். மருந்து போட்டது நான்தான். காயத்தைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை, நானும் அவனும் மாடிப்படியில் இறங்கும்போது கட்டடத்துப் பெரியவர் ஏறி வந்தார். கால் தானாக ஓரத்துக்குப் போனது. இழுத்து நிறுத்தினேன். முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நின்று, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கை கொடுத்து ஏதோ சொன்னார். போனபிறகு நவீன் சொன்னான்: "ஒங்களுக்கு அவரப் புடிக்காதுன்னு நெனச்சாராம்ப்பா. இத்தன வருஷமா அவரு வந்தா நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறீங்களாம். என்ன தப்புப் பண்ணினேன்னு அவரு பொண்டாட்டிகிட்டயும் கேட்டாராம்."

இத்தனை வருடம் நான் மரியாதை என்று கொடுத்ததை அந்த மனிதர் அவமானமாக வாங்கி வைத்திருந்தார்.

இது எல்லாம் இனிப்பாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். பார்க்கப் பழகிய பிள்ளை எதிர்த்துப் பேசவும் பழகினான். ஒரு தரம் விளையாட்டை நிறுத்திவிட்டு வா என்று சொன்னேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "மாட்டேன்" என்றான். என் கை எழும்பிவிட்டது. அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. பயந்துதான் இருந்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான். எழும்பிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன். குப்பைத் தொட்டியின் மூடியை நாலு தரம் திறந்து திறந்து அடித்தேன்.

6

அரை வருடம் முடிந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தரம் நவீனையும் அழைத்து வரச் சொன்னார்கள். அந்தக் கிழமை முழுக்க, தெருவில் அந்த விசேட பள்ளிக்கூட வேனைக் கண்டால் மறுபக்கம் போனேன். கேட்டால் சொல்லலாம் என்று சில வார்த்தைகளை வேலை செய்யும் இடத்தில் தட்டுக் கழுவிக் கழுவிப் பாடமாக்கிக்கொண்டேன்.

அதே அறை, அதே ஆட்கள். வாசலில் டீச்சர் கை நீட்டினார். நவீன் கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி, கை கொடுத்தான். அவனுக்குப் பின்னால் நானும் கொடுத்தேன். அவருடைய கண் பச்சையாக இருந்தது.

ஆலோசகர் அம்மா நீளமாகப் பேசினார். மொழிபெயர்க்கும் அம்மா சிரித்தபடி சொன்னார்: "சந்தோசமான செய்தி. உங்கட மகன் நல்லா முன்னேறியிருக்கிறாராம். வகுப்பில கையுயர்த்திக் கேள்வியும் கேக்கிறாராம். பள்ளிக்கூடம் மாத்தத் தேவையில்லை."

சாந்தி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"டீச்சர் குடுத்த பயிற்சி நல்லா வேலை செய்திருக்கெண்டு சொல்லுறா. இது குடும்பத்தில இருக்கிற பிரச்சினை எண்டபடியால், உங்களுக்கும் உதவி வேணுமெண்டால் ஒழுங்கு செய்து தரலாமாம், அண்ணை."

நிமிர்ந்தேன். பாடமாக்கியதைச் சொன்னேன்.

"எம்மகனுக்கு ஒரு சீக்கும் இருக்கலங்க. இருந்தது பயம். அந்தப் பயத்த நான் குடுத்தேன். எனக்கு எங்கப்பா குடுத்தாரு. அவருக்குத் தோட்டம் குடுத்துச்சு. எங்க பரம்பரைக்குச் சீக்குன்னு எழுதினத அழிக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்க்கும் அம்மா என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "அண்ணை, நல்ல முடிவு வந்திட்டுது. இப்ப ஏன் அவையைக் கோவப்படுத்துவான்? பிள்ளைக்குத்தான் பிறகு கரைச்சல்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் எங்கேயோ யாருக்கோ பயந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, ஆலோசகர் அம்மாவிடம் ஜெர்மனில் ஒரு சின்ன வசனம் சொன்னார். அதில் நன்றி என்ற சொல் இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். நான் சொன்ன எதிலும் நன்றி இருக்கவில்லை.

ஆலோசகர் அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். டீச்சர் எழும்பப் போனார். நான் வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த ஜெர்மனில் கரண்டியும் தட்டும் கொதிதண்ணீரும்தான் இருந்தன.

நவீன் நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றான். கை கட்டவில்லை. ஆலோசகர் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினான். தோட்டத்துக்கு அவனிடம் ஜெர்மன் சொல் இருக்கவில்லை போல, தோட்டம் என்றே சொன்னான். அதன்பிறகும் பேசினான். மொழிபெயர்க்கும் அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் முகம் சிவந்தது. ஆலோசகர் அம்மாவின் புன்னகை போய்விட்டது. அவன் நிறுத்தவில்லை. நான் சொன்னது கொஞ்சம். அவன் பேசியது நீளம்.

முடிந்ததும் ஆலோசகர் அம்மா பேனாவை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் வைத்தார். அவனிடம் ஏதோ கேட்டார். அவன் 'ஆம்' என்றான். அவர் எழும்பி வந்து எனக்குக் கை கொடுத்தார். அழித்தார்களா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் மாற்றவில்லை. இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறான்.

கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று ரயில் நிலையத்துக்கு நடந்தோம். சாந்தி சாமான் வாங்கக் கடைக்குள் போனாள். நானும் அவனும் மேடையில் நின்றோம்.

"என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

"நீங்க சொன்னதச் சொன்னேன்."

"நான் சொன்னது அவ்வளவு நேரமா இருந்துச்சு?"

"இல்லப்பா. மொதல்ல நீங்க சொன்னது. மிச்சம் நான் சொன்னது."

"நீ என்ன சொன்ன?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அது எனக்கும் அவங்களுக்கும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அப்பனிடம் பேசுகிற பேச்சா இது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் பார்வையை எடுக்கவில்லை. சாந்தி பையோடு ஓடி வந்தாள், ரயிலும் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் ஒதுங்காமல் நின்றேன், அவனும் ஒதுங்கவில்லை, வாசலில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறினோம்.

10.03.2024, ஞாயிற்றுக்கிழமை